தாண்டவ் ஹெட்செட்டைப் பற்றிப் புவனா எழுதியது

பல்லடத்தில் புவனாவின் வீட்டுப் பின்சுவரை ஒட்டியே அவள் கணவன் தனபாலின் தறிக்குடோன். எட்டு விசைத்தறிகள். காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் கரண்டு போனால்தான் நிற்கும். அந்தச் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் புவனா வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மருந்து மாத்திரைகளை வீட்டுக்கே அனுப்பும் ஒரு கம்பெனிக்கு, வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கும் வேலை. ஒன்பது மணிக்கு மாட்டும் ஹெட்செட்டை ஆறு மணிக்குத்தான் கழற்றுவாள். நாற்பத்து மூன்று வயது, கண்ணாடி, காதில் கல்யாணத்துக்குப் போட்ட ஏழுகல் தோடு, பின்னால் கொண்டை.

நான்கு வருடம் உழைத்த பழைய ஹெட்செட் பங்குனி மாதத்தில் ஒரு நாள் உயிரை விட்டது. தற்காலிகமாக, போனோடு வந்த சின்ன இயர்போனை வைத்துச் சமாளித்தாள். தென்காசியிலிருந்து சர்க்கரை மாத்திரை வரவில்லை என்று பேசிய பெரியவர், புகாரைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏம்மா, ரயில்ல போய்க்கிட்டே பேசுதியா?" என்று கேட்டார். அந்த வாரக் கடைசியில் கோயமுத்தூர் ஆபீசிலிருந்து டீம் லீடர் அருண்குமார் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க குவாலிட்டி ஸ்கோரு எழுபத்தொன்னுக்கு வந்துருச்சுங்க்கா. கால்ல ஒரே டக்கு டக்குனு சத்தம்."

"ஹெட்செட்டு கம்பெனி குடுக்குமுங்களா?"

"கம்பெனி எங்கீங்க்கா குடுக்குது. கேமிங் ஹெட்செட்டு ஒன்னு வாங்கிப்போடுங்க. ஆயிரத்துக்குள்ள கெடைக்குது. மைக் சூப்பரா இருக்கும். பசங்க அஞ்சாறு மணி நேரம் மாட்டிட்டே வெளையாடறாங்க."

புவனா இதுவரை ஒரு விளையாட்டும் விளையாடியதில்லை. ஆனாலும் அஞ்சாறு மணி நேரம் என்ற பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. வாங்கினாள்.

முதலில் வந்தது நைட்ஃபேங். பெட்டியைத் திறந்ததும் ஓநாய் ஒன்று முறைத்தது. காதுக்கு ஒன்றாக இரண்டு ஓநாய்கள். கம்ப்யூட்டரில் செருகினால் அவற்றின் கண்ணில் சிவப்பு விளக்கு எரியும். மாட்டியிருப்பவருக்கு அது தெரியாது. எதிரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். புவனாவுக்கு எதிரில் அந்த அறையில் ஒரு பல்லியைத் தவிர யாருமில்லை. நாற்பது நிமிடத்தில் கண்ணாடிக் காம்பு நெற்றிப்பொட்டுக்குள் இறங்குவதுபோல வலித்தது. பத்து மணிக்கே காதுமடல் வெந்து, ஸ்பாஞ்சு உறையிலிருந்து ரப்பர் வாடை அடித்தது. திருப்பி அனுப்பிவிட்டு, வாங்கிய பக்கத்தில் கருத்தும் எழுதினாள்: 'விளக்குக்குச் செலவு செய்ததில் பாதியை ஸ்பாஞ்சுக்குச் செய்திருக்கலாம். ஓநாய் நன்றாக இருக்கிறது. மனுஷத் தலைக்கு ஆகாது.' ஒரு நட்சத்திரம்.

இரண்டாவதுக்கு மண்டையோடு. அதன் மைக் தண்டு அரை மணிக்கு ஒரு தரம் தானாகத் தலைகுனிந்தது. 'வெட்கப்பட வேண்டியது இதைச் செய்தவர். மைக் எதற்கு வெட்கப்படுகிறது என்று தெரியவில்லை' என்று எழுதினாள். அதற்கும் ஒன்றுதான்.

இந்தக் கருத்துகளுக்குக் கீழே 'பயனுள்ளது' என்று நூற்றுக்கணக்கானவர்கள் அழுத்தியிருந்தார்கள். வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர்களும், லாரி ஆபீஸ்காரர்களும், இவளைப்போல நாள் முழுவதும் பேசிப் பிழைப்பவர்களும் கேள்வி கேட்டு எழுதினார்கள். கண்ணாடி போட்டிருக்கிறேன், எதை வாங்கலாம் என்று ஒருத்தி. தனபாலுக்குச் சிரிப்பு வந்தது. "கட்டிட்டு வந்த நாள்ல இருந்து எங்கிட்ட குத்தம் கண்டுபிடிச்ச. இப்ப ஊருக்கே கண்டுபிடிச்சுக் குடுக்கற." புவனாவுக்கு அது உறுத்தியது. ஒருவேளை எல்லாருக்கும் சரியாக இருப்பது தனக்கு மட்டும்தான் பொருந்தவில்லையோ என்று தோன்றியது. அதனால் மூன்றாவதை அவசரப்படாமல், விசாரித்து வாங்க நினைத்தாள்.

விசாரிக்கும் இடமாக அவளுக்குக் கிடைத்தது மோகன்குமார் என்ற இளைஞனின் யூடியூப் சேனல். இரண்டு லட்சம் பேர் பார்க்கும் சேனல். ஊதா வெளிச்சத்தில் உட்கார்ந்து, தாண்டவ் எக்ஸ் என்ற ஹெட்செட்டைத் தலையில் வைத்து, கண்ணை மூடி, "மேகத்த எடுத்துக் காதுல வச்ச மாதிரி இருக்கு நண்பர்களே" என்றான். அதுவும் கோயமுத்தூர்க் கம்பெனி. நம்ம ஊர்ச் சரக்கு என்று புவனா வாங்கினாள்.

அந்த மேகம் முதல் நாளே அவள் இடது காதைப் பிடித்துக்கொண்டது. மத்தியானம் சாப்பிடக் கழற்றப் போனவளால் கழற்ற முடியவில்லை. தோட்டின் கல் விளிம்பு ஸ்பாஞ்சுக்கு உள்ளே இருந்த வலையில் மாட்டியிருந்தது. இழுத்தால் காது வந்தது. ஹெட்செட்டோடு குடோனுக்குப் போய் வாசலில் நின்று கையை ஆட்டினாள். தறி ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தனபால் வந்து, கத்தரிக்கோலால் ஸ்பாஞ்சை வெட்டி அவளை விடுவித்தான். காதுமடலில் ரத்தம் துளிர்த்திருந்தது. வெட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் அவள் எழுதியது இது:

'மாட்டினால் கழற்றவே முடியவில்லை. தோடு வலையில் சிக்கி, கத்தரிக்கோல் கொண்டு வெட்டி எடுத்தோம். ஏழு திசையிலிருந்தும் சத்தம் கேட்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கேட்டது. எங்கள் தறிச் சத்தம். எதிர்முனையில் பேசியவர் சொன்னதுதான் கேட்கவில்லை. தலையைப் பட்டறை இடுக்கியில் வைத்து இறுக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கலாம். புவனா, பல்லடம்.' இதற்கும் ஒரு நட்சத்திரம்தான்.

பத்து நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது, போனைப் பார்த்துக்கொண்டிருந்த தனபால் திடீரென்று, "புவனா, நீ இதுல வர்ற" என்றான்.

விளம்பரம். தீப்பிழம்புக்கு நடுவில் தாண்டவ் எக்ஸ். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: "மாட்டினால் கழற்றவே முடியவில்லை!" அதற்கும் கீழே: புவனா, பல்லடம். ஐந்து நட்சத்திரங்கள். பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, தோடில்லாத காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோ நல்லாத்தான் இருக்குது," என்றான் தனபால். அவள் பார்த்த பார்வையில் மீதியைச் சோற்றோடு விழுங்கினான்.

புவனாவுக்குக் கோபத்தைவிட அருவருப்பாக இருந்தது. ஒன்பது மணி நேரம் அடுத்தவர்களின் புகாரை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறவள் அவள். பாதி வாக்கியத்தை வெட்டிப் பதிவு செய்தால் அவள் வேலையே போய்விடும். இங்கே அதையே செய்து விற்கிறார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியிலிருந்த எண்ணுக்குப் பேசினாள். மூன்று பேர் மாறி மாறிப் பேசி, கடைசியில் முதலாளியே வந்தான். பெயர் யஷ்வந்த். பீளமேட்டில் ஆபீஸ். அப்பா திருமலைசாமி தண்ணீர் மோட்டார் செய்கிறவர்; புவனா வீட்டுக் கிணற்றில் ஓடுவதும் அவர் மோட்டார்தான். மகனுக்கு மோட்டார் அழுக்கு பிடிக்கவில்லை.

"ஆன்ட்டி, அது மார்க்கெட்டிங்குங்க. நீங்க எழுதுனதத்தானே போட்டிருக்கோம்? ஒரு வார்த்தை மாத்தலையே."

"ஏனுங்க தம்பி, நான் ஒரு நட்சத்திரம் குடுத்தேன். மிச்சம் நாலு உங்க ஊட்டுதுங்களா?"

யஷ்வந்தின் குரல் மாறியது. "ஆன்ட்டி, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இது கேமர்ஸுக்கான ப்ராடக்ட். தோடு, கொண்டை, கண்ணாடி, இதுக்கெல்லாம் டிசைன் பண்ணலைங்க. அவங்க ஆறு மணி நேரம் மாட்டி வெளையாடறாங்க, ஒருத்தரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல."

"அப்ப அந்த மோகன்குமார் தம்பிய என் எதுத்தாப்புல மூனு மணி நேரம் மாட்டிட்டு உக்காரச் சொல்லுங்க. ஆறுல பாதிதான். அவரு உக்காந்துட்டா, என் பேர நீங்களே வச்சுக்குங்க. உக்காரலீன்னா எடுத்துப்போடுங்க."

யஷ்வந்த் சிரித்தான். பிறகு அதில் ஒரு வியாபாரம் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. குறை சொன்ன ஆன்ட்டியே ஸ்டூடியோவுக்கு வந்து மாட்டிப் பார்த்து ஒத்துக்கொள்கிறாள்: நல்ல வீடியோ. "வாங்க ஆன்ட்டி. சனிக்கிழமை வாங்க. ஜூஸெல்லாம் ரெடியா இருக்கும்."

சனிக்கிழமை புவனா லீவு போட்டுவிட்டு, சிங்காநல்லூர் வரை ஒரு பஸ்ஸும் அங்கிருந்து பீளமேட்டுக்கு ஒரு பஸ்ஸும் பிடித்துப் போனாள். இறங்கி நடக்கையில் பயமாக இருந்தது. தான் மட்டும் வலியில் எழுந்துவிட்டால்? அந்தப் பையன் நிஜமாகவே மேகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்றால்?

ஆபீஸ் மாடியில் இருந்தது. சுவர் முழுவதும் தாண்டவ் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஊதா விளக்கு, எச்சில் முழுங்கினாலே குளிரும் ஏசி, பந்தயக் கார் சீட்டு மாதிரி இரண்டு நாற்காலிகள். கேமராவுக்குப் பின்னால் ஹாரிகா என்ற பெண். வீடியோ எடுப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவள் வேலை. மோகன்குமார் வீடியோவில் பார்த்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான். கும்பிட்டான். தன்னைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருப்பதில் அவனுக்குச் சந்தோஷம்.

"ஏசிய நிறுத்திப்போடுங்க," என்றாள் புவனா.

"ஆன்ட்டி, சித்திரை வெயிலுங்க…"

"இத வாங்கறவங்க ஊட்ல எல்லாம் ஏசி இருக்குதுங்களா தம்பி? இருந்தா ஆயிரத்துக்கு எதுக்கு ஹெட்செட்டு வாங்கறாங்க?"

நிறுத்தினார்கள். மின்விசிறி மட்டும் சுற்றியது. பத்தரை மணிக்கு இருவரும் மாட்டினார்கள். அவளுக்குப் புதிதாக ஒன்று பிரித்துக் கொடுத்தார்கள். தோட்டுக்கு மேல் ஸ்பாஞ்சு படுமாறு மெதுவாக வைத்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தாள். மோகன்குமார் சுடும் விளையாட்டு ஒன்றை ஆரம்பித்து, கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே விளையாடினான்.

முதல் இருபது நிமிடம் அவன் பேச்சு தடையில்லாமல் வந்தது. பிறகு ஒரு கையை எடுத்து இடது காதுப் பக்கம் லேசாகத் தூக்கிவிட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வலது பக்கம். அப்புறம் தலைக்கு மேல் இருந்த பட்டையை முன்னால் தள்ளினான், பின்னால் தள்ளினான். வியர்வை கன்னத்தில் இறங்கியது. புவனாவுக்கும் நெற்றிப்பொட்டு இடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இதைவிட மோசமானதை மாட்டிக்கொண்டு, "புரியுதுங்க சார், மன்னிச்சுக்குங்க சார்" என்று முழுநாளும் சொன்னவள் அவள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"கொஞ்சம் லூஸ் பண்ணிக்கறேன் ஆன்ட்டி," என்றான் அவன்.

"பண்ணுங்க கண்ணு. மேகம் எதுக்கு இறுக்குதுன்னுதான் தெரியில."

கேமராவுக்குப் பின்னால் ஹாரிகா இருமினாள். அவன் பட்டையை நீட்ட இழுத்தான். டக்கென்று ஒரு சத்தம். இடப்பக்கக் கீல் விரிந்து, ஹெட்செட் ஒரு காதில் தொங்கியது.

"டெமோ பீஸ்," என்று யஷ்வந்த் அவசரமாக இன்னொன்றைப் பிரித்தான். "பீஸுக்குப் பீஸ் கொஞ்சம் மாறும்."

புதியதை மாட்டிய மோகன்குமார் இந்த முறை விளையாடவில்லை. உட்கார்ந்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே முக்காலுக்கு, "ஒரு முக்கியமான கால்" என்று கழற்றிவிட்டுப் போனை எடுத்தான். போன் அடிக்கவே இல்லை. கழற்றிய காதுகள் இரண்டும் அடி வாங்கியவன் காதுபோலச் சிவந்திருந்தன. நெற்றிக்கு மேல் முடியில் பட்டையின் அச்சு.

"ஒன்னேகால் மணி நேரமாச்சு," என்றாள் புவனா, தன்னுடையதைக் கழற்றாமலே. "இதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் மாட்டியிருக்கீங்க?"

அவன் யஷ்வந்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "வீடியோ எட்டு நிமிசந்தானுங்க ஆன்ட்டி. மாட்டற ஷாட்டு ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசத்துல மேகமெல்லாம் பாத்துப்போட்டீங்க. கெட்டிக்காரருங்க."

பையன் முகம் காதைவிடச் சிவந்தது. யஷ்வந்த் நடுவில் வந்தான். தாண்டவைத் தாங்கள் செய்வதில்லை, பெட்டி பெட்டியாக வெளியிலிருந்து வருகிறது, பெயரை மட்டும் இங்கே ஒட்டுகிறோம், இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும், எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்று சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது தனக்கு எதிரான வாக்குமூலமாகப் போவது தெரிந்தது. "ஹாரிகா, கேமராவ ஆஃப் பண்ணு," என்றான்.

அப்போதுதான் புவனா அதைக் கவனித்தாள். ஹாரிகாவின் கழுத்தில் ஒரு ஹெட்செட் கிடந்தது. விளக்கில்லாத, மங்கிய கறுப்பு ஹெட்செட். மைக் தண்டில் டேப் சுற்றியிருந்தது.

"ஏம்மணி, செவுரு பூரா இத்தன பெட்டி கெடக்குது. நீ ஏன் வேற போட்டிருக்கற?"

ஹாரிகா முதலாளியை ஒருமுறை பார்த்தாள். "நான் இங்க எட்டு மணி நேரம் எடிட் பண்ணணுமுங்க்கா," என்றாள். "இத மாட்டுனா தலைவலி வந்துருது. இது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பாரூக் பாய் கடையில வாங்குனது."

ஐந்நூறு பெட்டிகளில் ஐந்நூறு தீப்பிழம்புகள். புவனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் காதில் இருந்ததைக் கழற்றி, தோடு சிக்காமல் கவனமாக எடுத்து, மேசைமேல் வைத்தாள்.

"வீடியோவ நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும். அதப் பத்தி எனக்கொன்னும் இல்லீங்க. என் பேர மட்டும் இப்பவே, என் கண்ணு முன்னாடி எடுத்துப்போடுங்க. உங்கப்பாரு மோட்டாருக்கு அஞ்சு வருசம் கேரண்டின்னு போட்டா அஞ்சு வருசம் ஓடுச்சு. பாதி வருசத்த வெட்டி விக்கலீங்க அவரு."

யஷ்வந்த் லேப்டாப்பைத் திறந்து விளம்பரத்தை எடுத்தான். எடுத்ததைத் திருப்பிக் காட்டினான். ஜூஸ் குடிக்கச் சொல்லவில்லை. மோகன்குமார் படி வரை பின்னாலேயே வந்து, "சாரிங்க ஆன்ட்டி" என்றான். அடுத்த வீடியோவில் என்ன சொல்லட்டும் என்றும் கேட்டான். "காது சொல்றதச் சொல்லுங்க" என்று இறங்கி வந்துவிட்டாள்.

உமர் பாரூக்கின் கடை ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. உடைந்த போன்கள், ரிமோட்டுகள், ஒரு முக்காலி. ஹாரிகா பெயரைச் சொன்னதும் அட்டைப் பெட்டியிலிருந்து மூன்று ஹெட்செட்டுகளை எடுத்து வைத்தார். ஓநாய் இல்லை, மண்டையோடு இல்லை. ஆபீஸ்களில் மொத்தமாக வாங்கி மீந்தவை என்றார்.

"மாட்டிப் பாக்கலாமுங்களா?"

"பாருங்கம்மா."

"கொஞ்ச நேரம் ஆகும்."

"கடை ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் இருக்கு."

முக்காலியில் உட்கார்ந்து முதல் இரண்டையும் கால் மணியில் ஒதுக்கினாள். ஒன்றில் பட்டை கொண்டையில் இடித்தது. இன்னொன்று காதுமேல் உட்காராமல் நழுவியது. மூன்றாவதை மாட்டிக்கொண்டு, அவர் இரண்டு போன்களுக்கு டிஸ்ப்ளே மாற்றி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். நடுவில் டீ வந்தது. எதிரே பஸ்கள் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "வணக்கமுங்க, உங்க ஆர்டர் நம்பர் சொல்லுங்க" என்று மைக்கில் பேசிப் பதிவு செய்து கேட்டாள். ஹாரன் எங்கேயோ தொலைவில் இருந்தது. அவள் குரல் முன்னால் இருந்தது. அதையே இன்னொரு முறை போட்டுக் கேட்டாள். ஒரு மாதமாகத் தான் சொன்னது யாருக்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பது அந்த முக்காலியில்தான் உறைத்தது.

"எப்படிங்கம்மா இருக்கு?" என்றார் பாரூக்.

"உறை சீக்கிரம் உரியுமுங்க. வயரு கொஞ்சம் குட்டை."

"அது சரிதான்."

"மத்தபடி தேவலைங்க. குடுத்துப்போடுங்க."

அதைவிடப் பெரிய புகழ்ச்சி அவளிடமிருந்து தனபாலுக்குக்கூட இருபது வருடத்தில் கிடைத்ததில்லை. பாரூக்குக்கு அது தெரியாது. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தாண்டவின் விளம்பரம் புதிதாக வந்திருந்தது. அதே தீ, அதே பெண். "என் தலையே மாறிவிட்டது!" என்று மேட்டூரிலிருந்து யாரோ ஒரு ஷ்ரவ்யா. அந்த ஷ்ரவ்யா மேற்கொண்டு என்ன எழுதியிருப்பாள் என்று புவனா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மணி ஒன்பதானது. ஹெட்செட்டை மாட்டினாள்.

மாதக் கடைசியில் அருண்குமார் கூப்பிட்டான். ஸ்கோர் தொண்ணூறு. என்ன மாடல் என்று கேட்டான். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் முப்பது பேருக்கு அதையே லிங்க் அனுப்பலாம் என்றான்.

"லிங்க்கெல்லாம் இல்லீங்க தம்பி. கடைக்குப் போகோணும். ஒரு மணி நேரம் மாட்டிட்டு உக்காரோணும். வலிச்சா வச்சுப்போட்டு வரோணும்."

"அதுக்கெல்லாம் ஆருக்குங்க்கா நேரம்?"

"ஒம்பது மணி நேரம் மாட்டறதுக்கு இருக்குதல்லோ," என்று சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தாள்.